விண்மீன் படங்களுக்கு முதல் லென்ஸ்: கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்

இரவு வானத்தைப் படம்பிடிக்கத் தொடங்குகிறவர், கேமராவோடு வந்த 18–55 லென்ஸுக்கு அடுத்தபடியாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், அது தொலைநோக்கியாகவோ விண்மீன்களைப் பின்தொடரும் சுழல் கருவியாகவோ இருக்க வேண்டியதில்லை, கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸே போதும் என்பது என் உறுதியான கருத்து. திருமண வீடுகளிலும் குழந்தைகளின் படங்களிலும் பின்னணியை மங்கலாக்குவதற்காகவே பெரும்பாலோர் வாங்கும் லென்ஸ் இது. வானத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

2015-இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை ஏறத்தாழ 160 கிராம்தான். 1990-இலிருந்து விற்பனையில் இருந்த பழைய 50 எஃப் 1.8-இல் கேமராவுடன் பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது. இதில் அது உலோகம். ஒளி நுழையும் துளையை மூடித் திறக்கும் இதழ்கள் ஐந்திலிருந்து ஏழாகக் கூடியிருக்கின்றன. புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்ப் பக்கம் வரும். நான் இதைப் பயன்படுத்துவது 24 மெகாபிக்சல் கொண்ட 1500டி கேமராவில். அது ஏபிஎஸ்-சி எனப்படும், முழு ஃபிரேமைவிடச் சிறிய அளவு சென்சார் கொண்டது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த அளவுக்கே பொருந்தும்.

லென்ஸின் முதல் தகுதி அதன் துளை. நிலக்காட்சியைப் படம்பிடிக்கும்போது எஃப் எண்ணை, அதாவது குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணைப் பார்த்தால் போதும். ஆனால் விண்மீன் என்பது எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளியாகவே இருக்கும் ஒளிமூலம் என்பதால், அதிலிருந்து எவ்வளவு ஒளி திரட்டுகிறோம் என்பதைத் துளையின் உண்மையான விட்டமே தீர்மானிக்கிறது. 18–55 லென்ஸை 18 மி.மீ., எஃப் 3.5-இல் வைத்தால் துளையின் விட்டம் 5 மி.மீ.தான், இருட்டில் விரிந்த மனிதக் கண்ணின் பாவை அதைவிடப் பெரியது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-க்குச் சுருக்கினாலும் விட்டம் 18 மி.மீ. இருக்கிறது. பரப்பளவில் பார்த்தால் இது 12 மடங்கு. குவியத் தொலைவு கூடும்போது ஷட்டரைத் திறந்து வைக்கக்கூடிய நேரம் குறைந்துவிடும் என்பதையும் கழித்துக்கொண்டால், ஒவ்வொரு படத்திலும் ஒரு விண்மீனிலிருந்து வந்து சேரும் ஒளி நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும். பெட்டியோடு வந்த லென்ஸில் எடுத்த படத்தையும் இதில் எடுத்த படத்தையும் கணினித் திரையில் அருகருகே வைத்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் மூன்று விண்மீன் பட்டையைச் சுற்றி முதல் படத்தில் வெறும் கருமையாகத் தெரிந்த இடத்தில், இரண்டாவதில் சிறு விண்மீன்கள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன.

இந்த லென்ஸ் வானத்தில் காட்டும் சட்டம், அதாவது ஒரு படத்துக்குள் அடங்கும் பரப்பு, 25 பாகைக்கு 17 பாகை. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது மிகவும் வசதியான அளவு. ஓரியன் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். அதன் ஒரு கோடியில் உள்ள திருவாதிரை விண்மீனுக்கும் எதிர்க்கோடியில் உள்ள ரீகலுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 19 பாகைதான். கார்த்திகைக் கூட்டத்தையும் ரோகிணியையும் ஒரே படத்தில் வைக்கலாம். கோடையில் கேட்டையிலிருந்து தேளின் வால்நுனியில் உள்ள மூலம் வரை ஒரு சட்டத்துக்குள் வந்துவிடும். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்கள் மட்டும் 26 பாகை வரை நீள்வதால் கேமராவைச் சாய்த்து மூலைவிட்டமாக வைத்தாக வேண்டும். வெறும் கண்ணால் அடையாளம் கண்டு பழகிய உருவங்களே படத்திலும் அப்படியே வருவதால், எதை எடுத்தோம் என்ற குழப்பம் வருவதில்லை. நிலவுக்கு இந்த லென்ஸ் ஏற்றதன்று. முழுநிலவு இதில் 120 பிக்சல் அகலத்துக்கே விழும்; அதில் பள்ளங்களையும் மலைகளையும் தேடுவது வீண்.

முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து எடுக்கும்போது எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒன்று எல்லோராலும் சொல்லப்படுகிறது. 500-ஐ லென்ஸின் சமமான குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாருக்காக 50-ஐ 1.6-ஆல் பெருக்கினால் இங்கே அது 80 மி.மீ. என்பதால் 6 நொடி கிடைக்கும். ஃபிலிம் காலத்துக்குப் போதுமானதாக இருந்த இந்த விதியை இன்றைய நெருக்கமான சென்சாரில் நம்பி எடுத்தால் விண்மீன்கள் கோடாகிவிடும். பாகையை 3,600 கூறுகளாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு விகலை. இந்த லென்ஸும் கேமராவும் சேரும்போது ஒரு பிக்சல் வானத்தில் ஏறத்தாழ 15 விகலையை மூடுகிறது. வான நடுவரையில் (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டில்) உள்ள விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை நகர்கின்றன; அதிலிருந்து விலகி இருப்பவை இதைவிட மெதுவாக நகரும். ஆக, நொடிக்கு ஒரு பிக்சல் என்று எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஓரியனின் பட்டை வான நடுவரையை ஒட்டியே இருப்பதால் அங்கே சலுகை எதுவும் கிடையாது. 24 பாகை வடக்கே இருக்கும் கார்த்திகையிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே சலுகை. நான் 2.5 அல்லது 3.2 நொடியில் நிறுத்திக்கொள்கிறேன். கைப்பேசித் திரையில் பார்க்க 6 நொடிப் படமும் நன்றாகவே தெரியும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் அடுக்கும் முறைக்கு வட்டமான விண்மீன்கள் தேவை.

இனி ஃபோகஸ். இந்த லென்ஸில் பொறுமையைக் கேட்கும் இடம் இதுதான். ஃபோகஸ் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கும் நேரடியான பல்சக்கரத் தொடர்பு கிடையாது. வளையத்தைத் திருப்பினால் அந்த அசைவை மின்குறிப்பாக உணர்ந்து உள்ளிருக்கும் மோட்டார் கண்ணாடிகளை நகர்த்துகிறது. ஆகவே கேமரா உறங்கிவிட்டால் வளையத்தைத் திருப்பியும் பயனில்லை. தொலைவைக் காட்டும் அளவுகோல் லென்ஸின் மேல் இல்லை; வளையம் ஒரு கோடியில் போய் முட்டி நிற்பதும் இல்லை. பழைய லென்ஸ்களில் இருந்ததுபோல முடிவிலிக் குறியில் வைத்துவிட்டுப் படம் எடுக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வழி உண்டு. லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிட்டு, காட்சியைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவை இயக்கி, சிரியஸ் போன்ற மிகப் பிரகாசமான விண்மீனைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவந்து, திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் அது ஒரு மங்கிய வட்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப வட்டு சுருங்கும். ஒரு கட்டத்தில் ஊசிமுனை அளவாகி, அதைத் தாண்டினால் மீண்டும் விரியும். விரிகிற வரை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும், ஏனென்றால் மிகச் சிறிய புள்ளி எது என்பது அதைத் தாண்டிய பிறகே உறுதியாகத் தெரியும். நிறமும் உதவி செய்கிறது. ஃபோகஸ் ஒரு பக்கம் விலகினால் விண்மீனின் விளிம்பில் செவ்வூதா படரும். மறுபக்கம் விலகினால் பசுமை தட்டும். இரண்டும் மறையும் இடத்தைக் கண்டுபிடிப்பது புள்ளியின் அளவை மட்டும் பார்ப்பதைவிட எளிது. இதிலும் உறுதி வராதவர்கள் பாவெல் பக்தினோவ் 2005-இல் வடிவமைத்த, வரிவரியாக வெட்டப்பட்ட முகமூடியை லென்ஸின் முன் வைத்துப் பார்க்கலாம். விண்மீனிலிருந்து மூன்று கீற்றுகள் கிளம்பும். நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றால் ஃபோகஸ் சரி.

ஃபோகஸ் அமைந்த பிறகு கேமரா தானாக அணைந்துபோகும் அமைப்பை நிறுத்திவிடுவது நல்லது. லென்ஸின் முன்பகுதி ஃபோகஸுக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரக்கூடியது என்பதால் மூடியைப் போடும்போதும் பனியைத் துடைக்கும்போதும் அதை அழுத்தக் கூடாது. இரவு குளிரக் குளிர ஃபோகஸ் மெல்ல நகரும். அரைமணிக்கு ஒருமுறை மீண்டும் பெரிதாக்கிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எஃப் 1.8 என்று லென்ஸின் பெயரிலேயே இருந்தாலும் வானத்துக்கு அந்த அளவில் திறந்து வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுத் திறப்பில் சட்டத்தின் நடுப்பகுதி மென்மையாகவும், பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையத்தோடும் இருக்கும். மூலைகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே விண்மீன்கள் சிறகு விரித்த பறவைகளாகத் தோன்றும். பெரிய துளை கொண்ட சாதாரண விலை லென்ஸ்களுக்குப் பொதுவான குறை இது. எஃப் 2.2-க்குச் சுருக்கும்போது ஊதா பெருமளவு குறைகிறது. எஃப் 2.8-இல் நடுப்பகுதி கூர்மையாகி, மூலைகளில் மட்டும் லேசான இழுப்பு மிஞ்சுகிறது. எஃப் 4-இல் மூலைகளும் சீராகிவிடுகின்றன என்றாலும், எஃப் 2.8-ஐவிடப் பாதி ஒளிதான் வருகிறது. ஊரின் மொட்டை மாடியில் எஃப் 2.8, இருண்ட மலைப்பகுதியில் பொறுமையும் நேரமும் இருந்தால் எஃப் 4 என்பது நான் வந்து சேர்ந்த நிலை. சுருக்கிய துளையில் ஏழு இதழ்கள் இருப்பதால் சிரியஸைச் சுற்றிப் பதினான்கு மெல்லிய கதிர்கள் கிளம்பும். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு அழகாகவே படுகிறது.

மூன்று நொடிப் படம் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்: கருமைக்குப் பதில் புள்ளி புள்ளியாக இரைச்சல், நடுவே சில விண்மீன்கள். அதே இடத்தை நூறு முறை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறைகிறது என்பதே அடிப்படை. 3.2 நொடி வீதம் நூறு படங்களுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஐந்தரை நிமிடம்கூட ஆகாது. ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) 1600, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு), மாறாத வெள்ளைச் சமநிலை, நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கியை அணைத்து வைத்தல் ஆகிய நான்கையும் முதலிலேயே அமைத்துவிட வேண்டும். கடைசியில் சொன்னதை அணைக்காவிட்டால் நீண்ட எக்ஸ்போஷர்களில் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதே அளவு நேரம் மூடிக்கொண்டு காத்திருக்கும். பாதி இரவு அதிலேயே போய்விடும். பூட்டி வைக்கக்கூடிய கம்பி ரிமோட் ஒன்று இருந்தால் தொடர் படப்பிடிப்பு முறையில் கையே படாமல் எடுத்துக்கொண்டு போகலாம். படங்களை எடுத்து முடித்ததும் அதே குளிரில், அதே அமைப்பில், லென்ஸை மூடிவைத்து இருபது முப்பது இருட்டுப் படங்களும் எடுத்துக்கொண்டால் சென்சாரின் சூடான புள்ளிகளைக் கழித்துவிடலாம். மூலைகள் இருண்டு வரும் குறையைச் சரிசெய்ய, லென்ஸின் முன் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் சமப்படங்கள் தேவை; இந்த லென்ஸில் மூலைகள் நன்றாகவே இருளும் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம்.

அடுக்குவதற்கான மென்பொருள்களுக்குப் பணம் செலவிட வேண்டியதே இல்லை. விண்டோஸில் சீக்குவேட்டரும் டீப்ஸ்கை ஸ்டாக்கரும் இலவசம். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குச் சிரில் இருக்கிறது. முதன்முறை முயல்கிறவர்கள் சீக்குவேட்டரில் தொடங்கலாம். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது மிகக் குறைவு.

இத்தனையும் செய்து கிடைப்பது என்ன என்று கேட்டால், ஓரியன் படத்தில் பட்டைக்குக் கீழே தொங்கும் வாளைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வேன். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு விண்மீனாகத் தெரியும் இடம், அடுக்கிய படத்தில் விரிந்த இறகின் வடிவத்தில் இளஞ்சிவப்பாக மலர்ந்திருக்கும். 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் எம் 42 மேகம் அது. தொழில்முறைப் படங்களில் காணும் ஆழ்ந்த சிவப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பொளியின் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி தடுத்துவிடுகிறது. லென்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. திருவாதிரையின் செம்மஞ்சளும் ரீகலின் நீலவெண்மையும் தெளிவாகப் பிரிந்து தெரிவது எனக்கு எம் 42-ஐவிடப் பெரிய மகிழ்ச்சி. இந்த நிறங்கள் இயற்கையானவை. முதல் விண்மீனின் மேற்பரப்பு குளிர்ந்தது, இரண்டாவதினுடையது பல மடங்கு வெப்பமானது. மிகக் கூர்மையான ஃபோகஸில் நடுப்புள்ளி வெளுத்துவிடும் என்பதால், நிறத்துக்காகவே ஃபோகஸை இம்மியளவு விலக்கி ஒரு தொகுதி தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இடம் முக்கியம். நகரத்து மாடியிலிருந்தும் ஓரியன் கிடைக்கும்; ஐஎஸ்ஓவை 800-க்குக் குறைத்துக்கொண்டு, தெருவிளக்கின் ஒளி லென்ஸின் மேல் நேரடியாக விழாமல் ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் மறைப்பு) போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஹூட் லென்ஸோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். வடிகட்டிக் கண்ணாடி எதையும் முன்னால் மாட்டியிருக்கக் கூடாது; விளக்குகளின் பிம்பம் அதில் பட்டுப் படத்தில் மிதக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் வேறு உலகம். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவியவர்கள் அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இருளும் ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை, மாசி மாதங்களின் நிலவற்ற இரவுகள் இந்த லென்ஸுக்கு மிகப் பொருத்தமானவை. மலையில் பனி கொட்டும். யூஎஸ்பி மின்சாரத்தில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் கண்ணாடி நனையாது.

சுழல் கருவியை முதலில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு நம் நிலப்பரப்பும் ஒரு காரணம். அந்தக் கருவியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் துல்லியமாகத் திருப்ப வேண்டும். கன்னியாகுமரியில் அது அடிவானத்துக்கு 8 பாகை மேலே இருக்கும், சென்னையில் 13 பாகை. வடக்கே ஒரு மரமோ, ஊரின் வெளிச்சமோ, அடிவானப் புழுதியோ இருந்தால் போதும், அது கண்ணில் படாது. கேமராவையே இன்னும் கையாளத் தெரியாதவர் முதல் இரவிலேயே அந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டால் ஆர்வம் வடிந்துபோகும். முக்காலியும் இந்த லென்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு நூறு குறுகிய நேரப் படங்களை அடுக்குகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பால்வீதியின் நடுப்பகுதியை அடிவானத்தோடும் மரங்களோடும் ஒரே படத்தில் எடுக்க விரும்புகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். அதற்கு 25 பாகை போதாது. அவர்கள் இப்போதைக்குப் பெட்டியோடு வந்த லென்ஸையே 18 மி.மீ.-இல் வைத்து எடுத்துவிட்டு, பின்னால் 14 முதல் 24 மி.மீ. வரையிலான அகன்ற லென்ஸுக்குச் சேமிக்கலாம். கேனனின் ஆர் வகை மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் வாங்கி இதை மாட்டுவதைவிட, 2020-இல் வந்த ஆர்எஃப் 50 எஃப் 1.8-ஐ வாங்குவதே சரி. நிகான் கேமரா வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் 50 எஃப் 1.8ஜி இதே வேலையைச் செய்யும். அதில் ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடிகளை நகர்த்துவதால் இருட்டில் கையாள்வதும் சற்று எளிது.

இரண்டாம் கையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த லென்ஸ் பழைய சந்தையில் ஏராளமாகக் கிடைக்கிறது. கீறல், பூஞ்சை ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் கேமராவை எடுத்துப்போய் மாட்டி, எம்எஃப்-இல் வளையத்தை இரு பக்கமும் திருப்பி, முன்பகுதி கடைசி வரை திக்காமல் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு மாலை இருட்டிய பின் தொலைவில் தெரியும் ஒரு தெருவிளக்கையோ கோபுர விளக்கையோ எஃப் 2.8-இல் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகளில் இழுப்பு இருக்கும். அது நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கூடுதலாக மங்கியிருந்தால் கீழே விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ந்த லென்ஸாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.